மழைக்கும் வெயிலுக்கும் ஜெபிக்காத வீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரத்துச் சபையில் ஞாயிறு பள்ளி நடத்தும் பொறுப்பு நெடுங்காலமாக என்னிடம் இருக்கிறது. பாடத்திட்டமும் படப் புத்தகங்களும் அச்சாகி வருகின்றன. அவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்பது, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நான் கேட்டு வளர்ந்தவற்றைச் சொல்லும்போதுதான். யோசித்துப் பார்த்தால் அவை எல்லாமே நாள் கூலியைச் சுற்றியே இருந்தன. எனக்கு வேதத்தை வாசித்துக் காட்டியவர்கள் கூலிக்காரர்கள்; கூலி, கடன், பசி, ஓய்வு என்று வரும் இடங்களில் அவர்கள் நின்று நிதானித்தார்கள், தங்களுக்குத் தெரிந்த விஷயம் என்பதால் உரிமையோடு வாதாடவும் செய்தார்கள். அந்த வாதங்களில் இன்றைக்குப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு உதவக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில்தான். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் அப்பாவும் அம்மாவும் இருட்டிலேயே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் மர வரிசையான நிரைக்குப் போவார்கள். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டுக்குக் கீழே உளியால் ஒரு மெல்லிய சீவல் மட்டும் எடுக்க வேண்டும். ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் பேச்சும் வாங்க வேண்டும். முற்பகலில் மங்குக் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால் அங்கே நிறுத்து எழுதுவார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தாலோ மங்கில் இருக்கும் பாலும் தண்ணீரோடு வழிந்து போய்விடும். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில் எந்தக் குழந்தையும் இயல்பாகக் கற்றுக்கொள்ளும் முதல் ஜெபம், “ஆண்டவரே, நாளைக்கு மழை வேண்டாம்” என்பதாகத்தான் இருக்கும். எங்கள் பாட்டி அதை அனுமதிக்கவில்லை. காரணம் எளிமையானது: அம்மாவின் சொந்தக்காரர்கள் பாகான் செராய்ப் பக்கம், கிரியான் வட்டாரத்தில் நெல் பயிரிட்டார்கள். நாங்கள் வெயில் கேட்ட அதே இரவில், அதே குடும்பத்தின் இன்னொரு வீட்டில் மழை கேட்டு முழங்காலில் நின்றார்கள். “உன் சித்தப்பா வயல் காயணும்னா கேட்கிறே?” என்று பாட்டி ஒரு முறை கேட்டதும் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்திலிருந்து வானிலை விலகிப் போனது. எலியா மழைக்காக ஜெபித்தாரே என்று அண்ணன் மடக்கப் பார்த்தான். “எலியா ஒரு தேசத்துக்காகக் கேட்டாருடா, நீ உன் வாளிக்காகக் கேட்கிறே” என்றார் பாட்டி. அதற்குப் பிறகு நாங்கள் கேட்டது, வாளியைச் சுமக்கப் பலம், வழுக்காத கால், வேலை இல்லாத நாளில் சண்டை வராத வீடு ஆகியவையே. மழை பெய்த காலையில் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் யாரும் கடவுளைக் குறை சொல்லவில்லை. அவரிடம் எதையும் கேட்டு ஏமாந்திருக்கவில்லை அல்லவா?

தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுத் தரும் பெற்றோருக்கு இதை நான் அப்படியே சொல்வதுண்டு. முதல் இடம் கேட்டால் இன்னொரு பிள்ளையின் இடத்தைக் கேட்கிறோம். படித்தது நினைவுக்கு வரவும், கை நடுங்காமல் எழுதவும், வராததை வராது என்று ஒப்புக்கொள்ளவும் கேட்கலாம். இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை முடிவு வந்த நாளில் விசுவாசத்தைத் தொலைப்பதில்லை.

அடுத்ததாக, ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான லெந்து நாட்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் விசுவாசத்தில் கெட்டியாக நிற்கும் பகுதி அதிலிருந்துதான் வந்தது. மலேசியாவில் ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பது ஏறக்குறைய பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில். மரம் மொட்டையாக நிற்கும்போதும், பிறகு செம்பழுப்பு நிறத்தில் புதுத் தளிர் விடும்போதும் பால் வற்றிவிடும். சில தோட்டங்களில் அந்த வாரங்களில் வெட்டையே நிறுத்திவைப்பார்கள். ஈஸ்டர் பண்டிகை மார்ச் 22-க்கு முன்பு வராது, ஏப்ரல் 25-க்குப் பின்பும் வராது. ஆகவே எந்த ஆண்டாக இருந்தாலும், சாம்பல் புதனில் தொடங்கும் லெந்து நாட்கள் எங்கள் வருமானம் அடிமட்டத்தில் இருக்கும் காலத்தின்மீது வந்து விழும். மேல்நாட்டுச் சபைகள் குளிர் முடிந்து வசந்தம் பிறக்கும் வேளையில் அனுசரித்து வந்த நோன்பு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நாட்டிலும் மரங்கள் மொட்டையாக நிற்கும் பருவத்திலேயே வந்து சேர்வதை வளர்ந்த பிறகு எண்ணி வியந்திருக்கிறேன். அன்றைக்கு வியக்க நேரமில்லை. கடை அண்ணாச்சி கடன் எழுதும் 555 புத்தகத்தில் எங்கள் வீட்டுக் கணக்கு பக்கம் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

1974-ஆம் ஆண்டின் இறுதியில் ரப்பர் விலை விழுந்து, கெடா மாநிலத்தின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் பசிக் கொடுமையைச் சொல்லி ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். எங்கள் தோட்டத்திலும் கைக்கு வந்த காசு சுருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டர் மார்ச் 30-ஆம் தேதி வந்ததால் லெந்து நாட்கள் முழுவதும் இலையுதிர் காலத்துக்குள்ளேயே அடங்கிப்போயின. எங்களுக்குக் கோவில் கட்டடம் கிடையாது. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடுவோம். போதகர் மாதம் ஒரு முறை வருவார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் மிதிவண்டியில் வந்து ஆராதனை நடத்துவார். அந்த ஆண்டு அவர் வழக்கம்போல, வீட்டுக்கு ஒரு ருசியான பதார்த்தத்தை விட்டு உபவாசம் இருக்கச் சொன்னார். ஆராதனை முடிந்ததும் பாட்டி அவரிடம் போய், “ஐயா, விடுறதுக்கு எங்க வீட்டுல என்ன இருக்குன்னு நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க, விட்டுடுறோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

உபதேசியார் மறு ஞாயிறு ஏசாயா தீர்க்கதரிசியின் 58-ஆம் அதிகாரத்தை வாசித்தார். உபவாச நாளிலேயே வேலைக்காரர்களை ஒடுக்குகிறவர்களைக் கண்டித்து, பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று கர்த்தர் சொல்லும் அதிகாரம் அது. பிறகு அவர் முறையை மாற்றினார். இரண்டு பேர் சம்பாதிக்கும் வீடுகள் வாரத்தில் ஓர் இரவுச் சாப்பாட்டை விட்டு, சமைத்ததை ஒருவரே சம்பாதிக்கும் வீட்டுக்கோ யாருமே சம்பாதிக்காத வீட்டுக்கோ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் மறுக்காமல் வாங்கி, அந்த வீட்டுக்காக ஜெபிக்க வேண்டும். அந்த மாதங்களில் அம்மா உடம்புக்கு முடியாமல் இருந்ததால் நாங்கள் வாங்குகிற பக்கம் நின்றோம். கொடுப்பதற்குப் பழகியிருந்த பாட்டிக்கு, அடுத்த லயத்திலிருந்து வந்த குழம்புச் சட்டியை வாங்கிக்கொள்வது உபவாசத்தைவிடக் கடினமாக இருந்தது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தோம்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் இன்றும் லெந்து தொடங்கும்போது, எதை விடப் போகிறாய் என்று நான் முதலில் கேட்பதில்லை. அது யாருக்குப் போய்ச் சேரும் என்பதை முதலில் எழுதச் சொல்கிறேன். பபிள் டீ காசு டின்னில் சேர்கிறது என்றால், அந்த டின் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரந்தோறும் ஈப்போவுக்குப் போய்வரும் ஒருவரின் வண்டிச் செலவுக்கு என்று முதல் நாளே ஒட்டி வைக்கப்படும். கைப்பேசியை ஒரு மணி நேரம் விடுகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம், அந்த ஒரு மணி நேரத்தை யாரோடு உட்காரப் போகிறாய் என்று கேட்க வேண்டும். போய்ச் சேரும் இடம் இல்லாத விரதம், பிள்ளைகளுக்குத் தங்கள் மனவுறுதியைப் பற்றிய பெருமையை மட்டுமே கற்றுத் தருகிறது என்பது என் கருத்து. பெரியவர்களுக்கும் அப்படித்தான்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது கைப்பிடி அரிசியை விட முடியாது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பழைய வழக்கம் அது: உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து, ஊழியத்துக்காகத் தனி டின்னில் போடுவார்கள். பாட்டி அவசரகாலத்திலும் அதை விடவில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்துப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அளந்து தரும் அரிசி, வேலைக்குப் போகும்போது வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை என்று கட்டுப்பாடுகள் வந்தன. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக் கூடாது என்பது அதிகாரிகளின் கணக்கு. அரிசியைச் சேர்த்து வைத்தால் கேள்வி வரும் என்பதால், அந்த ஆண்டுகளில் பாட்டி கைப்பிடியை மாதக் கடைசி வரை டின்னில் வைக்காமல், அன்றன்றே பக்கத்து வீட்டு உலையில் போட்டுவிடுவாராம். எதற்காக இவ்வளவு சிரமம் என்று நான் கேட்டதற்கு, “பொங்கின பிறகு பார்த்தா எல்லாம் நமக்கே பத்தாத மாதிரிதான் தெரியும்” என்றார்.

இதில் உள்ள நடைமுறை ஞானம் வரிசையில் இருக்கிறது. இப்போது சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியவுடன் வீட்டுக் கடனும் கார்க் கடனும் தானாகவே கழிந்துவிடுகின்றன. காணிக்கைக்கும் உதவிக்கும் அதே நாளில், அவற்றுக்கு முன்பாகவே ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும். ஆனால் அதையும் கைப்பேசியில் ஒரு விரல் அசைவில் முடித்துவிட்டால் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பாட்டியின் கை டின்னுக்குப் போய் வருவதை நாங்கள் தினமும் பார்த்தோம். ஆகவே ஒரு பகுதியையாவது ரொக்கமாக எடுத்து, பிள்ளையின் கையால் உறையில் போடச் சொல்லுங்கள்.

ஓய்வுநாள் எங்களுக்கு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்த சிக்கல். வாரம் முழுவதும் மழையில் போயிருந்தால், தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வெட்டு போடுவார்கள். அதற்குக் கூடுதல் கூலியும் உண்டு. மரத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதில் நிர்வாகம் தவறியதே இல்லை. மனிதனின் ஓய்வு வானத்தைப் பொறுத்ததாக இருந்தது. எங்கள் சிறு கூட்டத்தில் இருந்த மூத்தவர் ஒருவர், ஞாயிறு வேலைக்குப் போகிறவர்கள் திருவிருந்து வாங்கக் கூடாது என்றார். அவர் வீட்டில் மகன்கள் நகரத்தில் மாதச் சம்பளம் வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா பதில் பேசாமல் வேலைக்குப் போனார். மாதக் கடைசியில் கடைக் கணக்கைக் கட்ட வேறு வழி இல்லை. உபதேசியார் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் ஆராதனையைச் சாயங்காலம் நான்கு மணிக்கு மாற்றினார். பாலை நிறுத்துவிட்டு, குளித்து, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு வருவதற்கு நேரம் இருந்தது. மழையில்லாத வாரங்களில், ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்காகக் கத்தியைக்கூடத் தீட்ட மாட்டார். இன்று எங்கள் வாலிபர்கள் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். ஞாயிறு காலை வராதவர்களின் பெயரைக் குறித்து வைக்கும் சபைகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் மணியை மாற்றிப் பாருங்கள், சனிக்கிழமை மாலையில் ஒரு கூடுகை வைத்துப் பாருங்கள்.

மாரியம்மன் கோவில் விஷயத்தில் அப்பா நடந்துகொண்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது. எங்கள் தோட்டத்தில் திருவிழா வரி எல்லாத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் சிலர் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் எழுதிக் கொடுத்து விலக்கு வாங்கினார்கள். சிலர் பேசாமல் கட்டிவிட்டு வீட்டுக்குள் முணுமுணுத்தார்கள். அப்பா கோவில் தலைவரிடம் நேராகப் போய், “அண்ணே, பூசைச் செலவுக்கு நான் கொடுக்க மாட்டேன், என் விசுவாசம் வேற. ஆனா தண்ணீர்ப் பந்தலுக்கு ஆகுற சீனியும் எலுமிச்சம்பழமும் என் பொறுப்பு, பந்தல்ல நிற்க ஆளும் நாங்களே வர்றோம்” என்றார். வரியாகப் பிடித்திருக்கக் கூடிய தொகையைவிட அது கூடுதலாகத்தான் ஆனது. வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு மோரும் சர்பத்தும் ஊற்றிக்கொண்டு நின்ற எங்களை யாரும் விரோதமாகப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கீதம் பாடிக்கொண்டு லயம் லயமாகப் போனபோது முதலில் கதவைத் திறந்ததும் அந்தத் தலைவர் வீடுதான். எதில் சேர மாட்டோம் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் முகத்துக்கு நேராக, மரியாதையோடு சொல்லிவிட்டு, எதில் சேருவோம் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுவது நல்ல வழி. அலுவலகத்தில் ஆயுத பூசை, பள்ளியில் பொங்கல் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றியும் எழுத ஆசைதான். மரவள்ளிக் கிழங்கும் வாழைத்தாரும் நாட்டுக்கோழியும் ஏலம் போன விதத்தைச் சொன்னால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

ஆகவே மத்தேயு 20-ஆம் அதிகாரத்துக்கு வருகிறேன். திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரர் விடியற்காலையிலும், பிறகு பல வேளைகளிலும், கடைசியாகப் பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் ஆட்களை வேலைக்கு அமர்த்தி, எல்லோருக்கும் ஒரே நாள் கூலியைக் கொடுக்கிறார். காலையில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். நகரத்துச் சபைகளில் இது கிருபையைப் பற்றிய அழகான உவமையாகக் கேட்டு முடிக்கப்படுகிறது. எங்கள் வகுப்பறையில் அது சண்டையாக முடிந்தது. பெரட்டில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமானது இல்லை. அப்பா சொன்னார்: சாயங்காலம் வரை சந்தையில் நின்றவன் சோம்பேறி இல்லை, வேலைக்கு ஆகாது என்று எல்லோரும் ஒதுக்கிய கிழவனோ கை விளங்காதவனோதான், யாரும் எங்களை வேலைக்கு அமர்த்தவில்லை என்று அவர்களே சொல்கிறார்களே, சொந்தக்காரர் கொடுத்தது வேலைக்கு இல்லை, அவர்கள் வீட்டு உலைக்கு. அம்மா விடவில்லை. “அப்படிக் கொடுத்தா மறுநாள் காலையில பெரட்டுக்கு எவன் வருவான்?” என்றார். பெண்கள் பக்கம் பலமான ஆமோதிப்பு எழுந்தது. உபதேசியார் சிரித்துவிட்டு, கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24-ஆம் அதிகாரத்துக் கட்டளையை மட்டும் நினைவுபடுத்தி, உவமையை முடிக்காமலே ஆசீர்வாதம் கூறினார்.

அதிலிருந்து நான் கற்றது, பிள்ளைகளுக்கு உவமையைச் சொல்லும்போது அதன் அர்த்தத்தைக் கடைசி வாக்கியமாக ஒட்டிவிடக் கூடாது என்பது. உவமை முறுமுறுப்பை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. அண்மையில் இதே பகுதியை வகுப்பில் எடுத்தபோது பத்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், காலையில வந்தவங்களுக்கு முதல்ல காசு கொடுத்து அனுப்பியிருந்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே, ஏன் கடைசியில வந்தவங்களுக்கு முதல்ல கொடுத்தாரு?” நல்ல கேள்வி. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருப்பார் என்று மற்றொரு பிள்ளை சொன்னது. எதற்குப் பார்க்க வேண்டும் என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

இந்த ஊரில் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. நாங்கள் விட்டு வந்த தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்டது. அங்கே இப்போது குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். தீபகற்ப மலேசியாவில் 2013-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தபோதும், 2025 பிப்ரவரியில் அது 1,700 வெள்ளியாக உயர்ந்தபோதும், சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டது. காலமெல்லாம் மாதச் சம்பளத்துக்காகச் சங்கத்தில் போராடி, அது கைக்கு வருமுன்னே தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட எங்கள் பெரியவர்கள், நேற்று வந்தவனுக்கு இது கிடைக்கிறதே என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் நியாயமற்றது என்று என்னால் சொல்ல முடியாது. அதே வேளையில், அந்த வங்காளதேசத்துப் பையன் தன் ஊரில் யாரும் வேலை கொடுக்காமல் நின்றவன் என்பதும் உண்மை.

ஆகவே வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம், ரப்பர் மரம் சீவிய காலத்தில் நாளுக்கு எவ்வளவு கூலி வாங்கினார்கள், மழை நாளில் என்ன செய்தார்கள், இப்போது தோட்டத்தில் இருப்பவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். தாள்கள் வந்தன; சிலவற்றில் கூலிக் கணக்கைவிடத் திட்டுகளே அதிகம். ஒரு பெண் பிள்ளை மட்டும் வெறும் தாளைக் கொண்டு வந்து, “தாத்தா சொல்ல மாட்டேங்குறாரு டீச்சர், கேட்டாலே கோபம் வருது” என்றது. அடுத்த ஞாயிறு அவரையே வகுப்புக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.